பள்ளி வளாகத்தில் உயிரினங்களுக்கு ஓர் இடம்

(கல்வித் துறை அலுவலர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜூலைத் திங்களின் முதல் வாரம் வந்துவிட்டால் நாடெங்கும் பள்ளிகளில் குழி தோண்டும் ஓசை கேட்கும். 1950-ஆம் ஆண்டில், அன்றைய மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் அன்று முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. விருந்தினர் வருகிறார்; கன்று நடப்படுகிறது; நிழற்படம் எடுக்கப்படுகிறது. சென்ற ஆண்டு நட்ட குழியிலேயே இவ்வாண்டும் நடுவது சில பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது என்று ஆசிரியர்களே சொல்லி நகைப்பதுண்டு. குழி தோண்டும் வேலையாவது மிச்சமாகிறது.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. மூன்றாண்டு கழித்து அவற்றுள் எத்தனை உயிருடன் நிற்கின்றன என்று கேட்கும் படிவம் வருவது அரிது. நின்ற மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டிற்று, அதன் இலையை எந்தப் புழு உண்டது என்று கேட்கும் படிவம் வருவதே இல்லை எனலாம். இவ்வுரையின் பொருள் மரம் நடுதல் அன்று. பள்ளி நிலத்தின் ஒரு மூலையைப் பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தவளைக்கும் ஓணானுக்கும் வாழ்விடமாக விட்டுவைப்பது எவ்வாறு என்பதே பொருள். நடுவதைக் காட்டிலும் விட்டுவைப்பது கடினமான செயலாகும். ஏனெனில் அது சோம்பலைப் போலத் தோற்றமளிக்கிறது. பார்வையிட வரும் அலுவலரின் கண்ணுக்கு அது புதராகவும், தலைமையாசிரியரின் பொறுப்பின்மையாகவும் படக்கூடும்.

2023-24-ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.72 இலட்சம் பள்ளிகள் உள்ளன. இவற்றுள் பாதிப் பள்ளிகள் மட்டும் ஆளுக்கு ஐந்து சென்ட் நிலத்தை ஒதுக்குவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 36,800 ஏக்கர் ஆகிறது. இது பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பரப்பைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்கள் ஒரு பூங்காவுக்கு ஈடாகா என்பது உண்மையே. கொக்குக்கும் நாரைக்கும் அவை பயன்படமாட்டா. ஆயினும் தேனீக்கும் தையற்சிட்டுக்கும் ஐந்து சென்ட் என்பது சிறிய நிலமன்று.

இதற்குச் சட்டத்தின் துணை இல்லாமலும் இல்லை. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், காடுகளையும் வனவிலங்குகளையும் பேணுவதை 48-அ பிரிவின் வாயிலாக அரசின் நெறியாகவும், 51-அ பிரிவின் வாயிலாகக் குடிமக்களின் கடமையாகவும் ஆக்கியது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-இல் பணித்தது. 2001-02 முதல் தேசியப் பசுமைப் படை என்னும் பெயரில் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஆணைகளுக்குக் குறைவில்லை. மன்றத்தின் பெயர்ப் பலகையைத் தாண்டி வளாகத்தில் ஓர் உயிர் கூடுதலாக வாழ்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வாழ்விடம் என்பது யாது?

உணவு, நீர், மறைவிடம், இனப்பெருக்கத்துக்கு ஏற்ற இடம் ஆகிய நான்கும் நடந்தோ பறந்தோ எட்டக்கூடிய தொலைவில் ஓர் உயிருக்குக் கிடைக்குமாயின் அதுவே வாழ்விடம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீணாகும். சிட்டுக்குருவிக்குப் பெட்டி தொங்கவிடும் பள்ளிகள் பல. பெட்டி நல்லதே. ஆனால் தானியம் உண்ணும் தாய்க்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளையே. வளாகத்தில் பூச்சி மருந்து தெளித்துவிட்டுப் பெட்டியை மாட்டினால், வீடு கொடுத்து அடுப்பை அணைத்த கதையாகும். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, சிட்டுக்குருவி நாட்டளவில் பெரிதும் குறையவில்லை என்றும், பெருநகரங்களிலேயே குறைந்துள்ளது என்றும் கூறியது. எங்கே குறைந்தது என்பதை அறிந்தால் ஏன் குறைந்தது என்னும் வினாவைத் தொடர்ந்து ஆராயலாம். அதற்கு வகுப்பறையைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

வண்ணத்துப்பூச்சியின் செய்தி இன்னும் தெளிவானது. பூச்செடி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்பது பாதி உண்மை. தேனுக்காக வரும் பூச்சி தேன் உண்டுவிட்டுச் சென்றுவிடும். அது தங்கிப் பெருகவேண்டுமாயின் அதன் புழு உண்ணும் இலை வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் இலை வேறு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வேண்டும். ஆரஞ்சு நிறமும் கருவிளிம்பும் கொண்ட வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். மஞ்சள் நிறப் பூச்சிகள் சிலவற்றுக்குக் கொன்றையும் ஆவிரையும் வேண்டும். எருக்கைக் களையென்று பிடுங்கிவிட்டு, கடையில் வாங்கிய சீமைப் பூச்செடியை நடும் பள்ளி, விருந்தினருக்குத் தேநீர் தந்து குழந்தைகளைப் பட்டினி போடும் வீட்டை ஒக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு நேரும் என்பதால் அதைச் சிறுவர் கை படாத பின்வரிசையில் விடுவதே முறை. கறிவேப்பிலையைப் புழு தின்கிறது என்று சத்துணவுக் கூடத்தார் முறையிடக்கூடும். இரண்டு செடி கூடுதலாக வைத்தால் அவ்வழக்குத் தீரும்.

பட்ட மரத்தைப் பற்றிச் சில சொற்கள். உலர்ந்த கிளையைக் கண்டவுடன் வெட்டுவது பள்ளிகளில் ஒழுங்கு எனக் கருதப்படுகிறது. செம்மார்புக் குக்குறுவான் என்னும் பச்சைநிறச் சிறு பறவை அத்தகைய கிளையைக் குடைந்தே கூடமைக்கிறது. கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் பொந்து வேண்டும். அவை தாமே அதைக் குடைவதில்லை. இயற்கையாக அமைந்ததையோ பிற பறவை குடைந்ததையோ நாடுகின்றன. கருநிறத் தச்சன் வண்டு பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடுகிறது. நடைபாதைக்கும் விளையாட்டிடத்துக்கும் மேலே நீண்டிருக்கும் காய்ந்த கிளையை வெட்டத்தான் வேண்டும். ஒதுக்கிய மூலையில் நிற்கும் பட்ட அடிமரத்தை ஆளுயரத்துக்கு விட்டு வெட்டினால் அபாயமும் நீங்கும், பொந்தும் எஞ்சும்.

உதிர்ந்த இலையும் அவ்வாறே. காலையில் மாணவர்கள் இலையைப் பெருக்குவதும் அதைக் கொளுத்துவதும் பழகிப்போன காட்சி. இலைக்குவியலின் அடியில் மண்புழுவும் வண்டின் புழுவும் வாழ்கின்றன. அவற்றைத் தேடித் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இலைகளைப் புரட்டுகின்றன. அரணையும் தேரையும் அங்கே ஒதுங்குகின்றன. எரிக்கும்போது இவையனைத்தும் எரிகின்றன. புகை வகுப்பறைக்குள் வருகிறது. முற்றத்தின் இலையை வாரி மூலையில் பரப்புவதற்கு எரிப்பதைக் காட்டிலும் அதிக உழைப்புத் தேவையில்லை.

நீரைப் பொறுத்தவரை, அகன்ற மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் ஊற்றி, பூச்சிகள் மூழ்காமல் அமர நடுவில் ஒரு கல் வைத்தால் போதும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அச்சமில்லை. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆதலால் தேய்ப்பது முக்கியம். குட்டை வெட்ட இடமுள்ள பள்ளிகள் கம்பூசியா என்னும் அந்நிய மீனைக் கொசு ஒழிப்புக்காக விடுவதைத் தவிர்ப்பது நலம். அது தவளையின் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் வளரவிடுவதே வாழ்விடம் என்று பொருள் கொள்ளலாகாது. பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். பூக்கும் முன்னரே கையுறை அணிந்த பெரியவர்கள் அதனை வேரோடு அகற்றவேண்டும். உண்ணிச்செடியின் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வருகிறது என்று அதை வளர்ப்பாரும் உண்டு. சில ஆண்டுகளில் அது மற்றச் செடிகளை மூடிவிடும். விட்டுவைத்தல் வேறு, கைவிடுதல் வேறு.

எதை வளர்ப்பது என்பதற்கு டெல்லியிலிருந்து ஒரே பட்டியல் வரமுடியாது. இராஜஸ்தானத்துப் பள்ளிக்கு வன்னியும் இலந்தையும் உரியவை; கடற்கரைப் பள்ளிக்குப் புன்னை உரியது; கங்கைச் சமவெளிக்குக் கடம்பும் நாவலும் உரியவை; உத்தராகண்டத்தின் மலைப்பள்ளிக்கு அங்குள்ள ஓக் மரம் உரியது. ஆலும் அரசும் அத்தியும் பறவைகளுக்கு மிகச் சிறந்தவை. ஆயினும் அவற்றின் வேர் கட்டடத்தைப் பிளக்கும் ஆகையால் வளாகத்தின் எல்லையிலேயே இடம்பெறவேண்டும். விரைவில் பசுமை காட்டும் கோனோகார்பஸ் மரத்தை நட்டுக் குவித்த குஜராத் மாநிலமே 2023-இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. அண்மைக் காலத்தில் பரவிவரும் ஜப்பானிய முறை நெருக்க நடவு எல்லா நிலத்துக்கும் பொருந்துவதன்று. தக்காணத்தின் புல்வெளி நிலத்தில் புல்லே இயற்கை. அங்கே அடர்ந்த காட்டை எழுப்புவது புல்லில் வாழும் உயிர்களை வெளியேற்றுவதாகும்.

மதனப்பள்ளிக்கு அருகில்

ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலி பள்ளி இத்துறையில் முன்னோடி எனலாம். ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இப்பள்ளி அமைந்த பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் மரங்கள் குறைந்த வறண்ட நிலமாக இருந்தது. மேய்ச்சலைத் தடுத்தல், மழைநீரை மண்ணில் தேக்குதல், பல பத்தாண்டுகள் தொடர்ந்து மரம் வளர்த்தல் ஆகியவற்றால் அது மாறியது. 1991-இல் அப்பள்ளத்தாக்கு பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்குப் பதிவாகியுள்ளன. மாணவர்களுக்குப் பறவை நோக்கல் அங்கே பாடத்தோடு இணைந்த பழக்கமாயிற்று.

பரந்த நிலமும் விடுதியும் உடைய தனியார் பள்ளியை அரைக்கால் ஏக்கர் கொண்ட ஊராட்சிப் பள்ளிக்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருத்தமா என்று ஓர் அலுவலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பரப்பைப் பின்பற்ற இயலாது. ஆனால் அங்கு நிகழ்ந்த மாற்றத்துக்குக் காரணம் பரப்பு மட்டுமன்று. ஆடு புகாமல் காத்ததும், ஆண்டு பலவாக ஒரே நோக்கத்தில் நின்றதுமாகும். இவ்விரண்டும் சிறு பள்ளிக்கும் கைகூடுவன. கேரளத்தில் 2017-க்குப் பின் அரசுப் பள்ளிகளில் பல்லுயிர்ப் பூங்காக்கள் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டதும், வளாகமே பாடநூல் என்னும் கருத்து அங்கு வலியுறுத்தப்பட்டதும் இதற்குச் சான்று.

பாம்பு அச்சம்

இனி, பொறுப்புள்ள எந்தத் தலைமையாசிரியரும் எழுப்பக்கூடிய தடைக்கு வருவோம். செடி அடர்ந்தால் பாம்பு வரும்; குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?

இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. 2019 நவம்பரில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில், வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். அவளை மருத்துவமனைக்கு அனுப்புவதில் நேர்ந்த தாமதம் பெருங் கண்டனத்துக்குள்ளானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. இறந்தோரில் பெரும்பாலோர் கிராமத்தவர். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம், 2030-க்குள் இவ்விறப்புகளைப் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்துள்ளது.

ஆனால் வயநாட்டு நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாம்பு இருந்தது தோட்டத்தில் அன்று. வகுப்பறைத் தரையிலும் சுவரிலும் இருந்த பொந்தில். பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். எலி தேடி வருவது சிந்திய சோற்றையும் திறந்து கிடக்கும் அரிசி மூட்டையையும். சமையற்கூடத்தின் பின்னால் குவிந்த விறகு, கட்டட வேலை முடிந்தும் அள்ளப்படாத செங்கல், உடைந்த மேசை நாற்காலிகள் அடுக்கிய அறை, கதவு சரியாக மூடாத கழிப்பறை ஆகியவையே முதலில் கவனிக்கவேண்டியவை. ஒரு செடிகூட இல்லாத பள்ளியிலும் இவை யாவும் இருக்கக்கூடும். புதரை வெட்டி எறிந்து, தரைப் பொந்தை அடைக்காமல் விட்ட பள்ளி பாதுகாப்பான பள்ளியன்று.

ஆகவே வாழ்விடத்துக்கு உரிய மூலை வகுப்பறை, சமையற்கூடம், கழிப்பறை, விளையாட்டிடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். மூலைக்கும் இவற்றுக்கும் இடையே பதினைந்து இருபது அடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டிய வெளி இருத்தல் நன்று; மறைவில்லாத வெளியைக் கடக்கப் பாம்பு தயங்கும், கடந்தாலும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே செல்ல ஒரே பாதை. அதுவும் அகலமாக, இலையின்றிப் பெருக்கியதாக இருக்கவேண்டும். காலணி இல்லாமலும் ஆசிரியர் இல்லாமலும் மாணவர் உட்செல்லலாகாது. கல்லையோ கட்டையையோ கையால் புரட்டும் பழக்கம் அறவே கூடாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்திலாவது அறிந்த ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருத்தல் வேண்டும். காலையில் குழந்தைக்குக் கடிவாய் தெரியாமல் வயிற்றுவலியோ, இமை தாழ்தலோ காணப்பட்டால் இரவில் வீட்டிலேயே கட்டுவிரியன் கடித்திருக்கக்கூடும் என்பதும் அவர் அறியவேண்டிய செய்தி.

கடி நேர்ந்தால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் மூன்றும் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, குழந்தையை நடக்கவிடாமல், பெற்றோர் வரும்வரை காத்திராமல், பாம்பு நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். அம்மருத்துவமனை எது, வண்டி எது, தொலைபேசி எண் யாது என்பவை அலுவலக அறைச் சுவரில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தோட்டம் இல்லாத பள்ளிக்கும் இது பொருந்தும்.

சட்டியும் பூவும்

பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைக்க 2019-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. காய்கறித் தோட்டத்துக்கும் விட்டுவைத்த மூலைக்கும் உறவு உண்டு. பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். அதற்குள் தேனீ வராவிடில் பிஞ்சு வெம்பி விழும். சுரையின் வெண்ணிறப் பூவும் பீர்க்கின் மஞ்சள் பூவும் மாலையில் மலர்பவை. அவற்றை நாடி இரவில் அந்துப்பூச்சிகள் வருகின்றன. கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தப்பை நுனியில் மட்டும் திறப்பது; தச்சன் வண்டு போன்ற காட்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டித் தேனீக்கு அக்கலை தெரியாது. முன்னர்ச் சொன்ன பட்ட மரத்துண்டும், வெயில் படும் ஒரு முழம் வெற்று மண்ணும் இக்காட்டுத் தேனீக்களுக்கு வீடு. ஒரு வகுப்பு பூசணியின் ஒரு பெண்பூவை வலைத்துணியால் மூடி, மற்றொன்றைத் திறந்துவிட்டுக் காய்ப்பைப் பார்த்தால், மகரந்தச் சேர்க்கை என்னும் பாடம் தேர்வுக்குப் பின்னும் நினைவிலிருக்கும்.

வேலியைப் பற்றி ஒரு குறிப்பு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்கிறது. நிதி வந்தவுடன் சுவர் எழுப்புவதே வழக்கம். சாலையை ஒட்டிய பக்கத்துக்குச் சுவர் தேவைதான். வயலை ஒட்டிய பக்கத்தில் கம்பிவேலியோடு நொச்சியும் மருதாணியும் சேர்ந்த உயிர்வேலி அமைந்தால் ஆடும் நுழையாது, ஓணானும் கீரியும் போய்வரவும் தடையிராது.

கண்டதை எழுதுதல்

மூலை ஒதுக்கியபின் அதில் நிகழ்வது எழுதப்படவேண்டும். இந்தியாவில் 2010 முதல் நடைபெறும் சீசன்வாட்ச் திட்டத்தில் மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை அதன் தளிர், பூ, காய், கனி நிலையைக் குறித்து அனுப்புகின்றனர். கேரளப் பள்ளிகளின் பங்கு அதில் பெரிது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நிகழும் பறவைக் கணக்கெடுப்பிலும் கல்வி நிலையங்கள் பங்கேற்கின்றன. கணினி இல்லாத பள்ளிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாள், நேரம், கண்டது, கண்டவர் பெயர் என்று நான்கு பத்திகள். 'பெயர் தெரியாத பழுப்புக் குருவி, வாலை ஆட்டிற்று' என்று ஏழாம் வகுப்பு மாணவன் எழுதினால் அதை ஆசிரியர் அடித்துத் திருத்தலாகாது. அடுத்த மாதம் அவனே பெயரைக் கண்டுபிடிக்கக்கூடும்.

கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடங்குகின்றன. கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கும் ஒப்பந்தக்காரருக்கு இச்செய்தியை முன்கூட்டியே சொல்வது நல்லது.

எஞ்சியிருப்பது நிர்வாகத்தைச் சேர்ந்த ஒரு சிறு செயல். ஆர்வமுள்ள தலைமையாசிரியர் ஐந்தாண்டு பேணிய மூலையை, அவர் மாறுதலாகிச் சென்ற அடுத்த வாரமே புதியவர் நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்துவிடுவதற்கு இடமுண்டு. அவர்மீது குறை சொல்வதற்கில்லை. அது என்ன என்று அவருக்கு எவரும் எழுதிவைக்கவில்லை. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, மணி, தராசு, பூகோள உருண்டை வரை எண்ணி ஏற்றப்படுகின்றன. அப்பட்டியலின் இறுதியில், 'வளாகத்தின் வடமேற்கு மூலை, ஐந்து சென்ட், வாழ்விடமாக ஒதுக்கப்பட்டது. வெட்டவும் கொளுத்தவும் கூடாது. குறிப்பேடு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையொப்பமிடச் செய்யும் அதிகாரம் வட்டாரக் கல்வி அலுவலரின் ஆணை ஒன்றிலேயே அடங்கியுள்ளது. அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.